மிதியடிக்குக் கீழே சாவி

செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு நெட் சென்டர். ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட், பட்டா நகல், வில்லங்கம், ஆதார் என்று போர்டில் இடம் போதாமல் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அரை மணி நேரமாவது அங்கே உட்கார்ந்துவிடுவேன். ஒரு காலத்தில் பத்திரிகைக்காரனுக்கு டீக்கடையில் செய்தி கிடைத்தது. இப்போது டீக்கடையில் எல்லாரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நெட் சென்டரில்தான் ஜனங்கள் வாய் திறந்து பேசுகிறார்கள்.

சமீபத்தில் போயிருந்தபோது ஒரு ஆச்சி வந்தார். ஆதார் அட்டை நைந்து போய்விட்டது, புதிதாக எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த பையன் நம்பரை அடித்தான். ஆச்சியின் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. அவர் போனையே அவன் கையில் கொடுத்துவிட்டார். பி.டி.எஃப். ஃபைல் இறங்கியது. திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது.

"பாஸ்வேர்டு கேக்கு ஆச்சி."

"அதெல்லாம் எனக்கு எப்படிய்யா தெரியும்? அந்த கார்டுலயே போட்டிருக்கும் பாரு."

நான் சிரித்துவிட்டேன். பையன் சிரிக்கவில்லை. ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இ-ஆதார் ஃபைலின் பாஸ்வேர்ட் என்பது ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில். அதன்பின் பிறந்த வருஷம். இரண்டும் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. பையன் பழைய அட்டையைப் பார்த்து அடித்தான். திறந்தது.

ஒருவருடைய பெயர் தெரிந்தால் இந்தப் பூட்டுக்கு மீதி எத்தனை சாவி? வருஷம் மட்டும்தான் பாக்கி. நூறு வருஷம் என்று வைத்துக்கொண்டாலும் நூறு சாவி. முகத்தைப் பார்த்து வயதை ஊகித்தால் பத்துப் பதினைந்து. இன்றைய பி.டி.எஃப்.பில் 256 பிட் பூட்டு போட முடியும். அதற்குச் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்கம். அத்தனை பெரிய பூட்டை வாங்கி மாட்டிவிட்டு, சாவியை வாசலில் மிதியடிக்குக் கீழே வைப்பது நம்முடைய தேசியப் பழக்கமாகிவிட்டது. வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கைக்கு பான் எண்ணும் பிறந்த தேதியும். ஒரு வங்கி எனக்கு மாதாமாதம் ஸ்டேட்மெண்ட் அனுப்புகிறது. பாஸ்வேர்ட் என்ன சூத்திரம் என்பதை, ஃபைல் வருகிற அதே மெயிலில், உதாரணத்தோடு விளக்கியிருக்கிறார்கள். கவருக்குள் பெட்டி, அதே கவருக்குள் சாவி எங்கே என்ற குறிப்பும்.

2022 மே மாதம் ஒரு கூத்து நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துங்கள், நெட் சென்டர் மாதிரி பொதுக் கம்ப்யூட்டரில் இறக்காதீர்கள், இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று. அத்தனையும் உருப்படியான யோசனை. இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்களாம். சரியாகப் புரிந்துகொண்டுவிடுவார்கள் என்று பயம் வந்ததோ என்னவோ.

*

இது ஒரு பக்கம். நம்மைப் பற்றிய ரகசியத்துக்கு இப்படிப் பூட்டு. இன்னொரு பக்கம், எல்லாரும் படிக்கவேண்டிய காகிதத்துக்குப் போடுகிற பூட்டைப் பாருங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு பி.டி.எஃப்.பை அடோபி ரீடரில் திறந்து கண்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். செக்யூரிட்டி என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் வரிசையாக ஒரு பட்டியல். அச்சிடலாமா, திருத்தலாமா, எழுத்தை நகலெடுக்கலாமா, பார்வையற்றவர்களுக்கான மென்பொருள் படிக்கலாமா, குறிப்பு எழுதலாமா, படிவத்தை நிரப்பலாமா. ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்டு அல்லது இல்லை. வேலைவாய்ப்பு அறிவிப்பு, விண்ணப்பப் படிவம், சுற்றறிக்கை என்று நான் சேர்த்து வைத்திருக்கிற ஃபைல்களில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஊருக்கெல்லாம் சொல்வதற்காகவே போட்ட அறிவிப்புகள் சிலவற்றில் நகலெடுக்க 'இல்லை'. நிரப்புவதற்காகவே செய்த படிவம் ஒன்றில் நிரப்ப 'இல்லை'.

பி.டி.எஃப்.பில் இரண்டு விதமான பாஸ்வேர்ட் உண்டு. ஒன்று திறப்பதற்கு. அது இல்லாமல் உள்ளே ஒரு எழுத்தும் தெரியாது. ஒழுங்கான பாஸ்வேர்ட் போட்டால் இது நிஜமான பூட்டு. இரண்டாவது உரிமையாளர் பாஸ்வேர்ட். மேலே சொன்ன உண்டு-இல்லை பட்டியலைக் கட்டுப்படுத்துவது இதுதான். இதை மட்டும் போட்ட ஃபைல் யார் கிளிக் செய்தாலும் திறக்கும். எழுத்துகள் உள்ளே குழப்பி வைக்கப்பட்டிருந்தாலும், குழப்பத்தைப் பிரிக்கிற சாவியை வெற்று பாஸ்வேர்டிலிருந்தே ரீடர் தயாரித்துக்கொள்ளும். ஃபைல் திறந்த பிறகு அச்சிடாதே, நகலெடுக்காதே என்பதெல்லாம் அதன் மேல் எழுதிய ஒரு வேண்டுகோள். ரீடர் மரியாதைக்கு அதைக் கேட்டு நடக்கிறது. அவ்வளவுதான்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது கோடு போட்ட செக் மாதிரி தெரிகிறது. செக்கின் மூலையில் இரண்டு கோடு கிழித்தால் கவுன்ட்டரில் பணமாகக் கொடுக்கமாட்டார்கள். கோட்டில் என்ன சக்தி இருக்கிறது? பேனா மைதானே? சக்தி இருப்பது 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில். அதற்குக் கட்டுப்பட்ட வங்கி கவுன்ட்டரின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால்தான் இரண்டு கோட்டுக்கு மதிப்பு. பி.டி.எஃப்.பிலும் இரண்டு கோடு கிழிக்கிறார்கள். அந்தப் பக்கம் வங்கியே கிடையாது.

நானாகச் சொல்லவில்லை. பி.டி.எஃப்.பை 1993-ல் உலகத்துக்குக் கொடுத்த அடோபி எழுதிய விதிமுறைப் புத்தகமும், 2008-ல் அதைச் சர்வதேசத் தரமாக ஏற்றுக்கொண்ட ஐ.எஸ்.ஓ. ஆவணமும் இதை ஒளிக்காமல் சொல்கின்றன. ஃபைல் திறந்துவிட்டால் இந்த அனுமதிகளை அமல்படுத்துகிற சக்தி பூட்டுக்குக் கிடையாது, ரீடரை எழுதுகிறவர்கள்தான் ஆவணம் செய்தவரின் விருப்பத்தை மதிக்கவேண்டும் என்று. மதிக்காதவர்களும் இருக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குள் இருக்கும் பி.டி.எஃப். ரீடர், நகலெடுக்கத் தடை என்பதை வழக்கமாகக் கண்டுகொள்வதே இல்லை. லினக்ஸ்காரர்கள் பயன்படுத்தும் ஒக்குலர் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கட்டுப்பாடுகளுக்குக் கீழ்ப்படியவா, வேண்டாமா என்று ஒரு டிக் பெட்டியே இருக்கிறது. டிக்கை எடுத்துவிட்டால் தடை போயிற்று. குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் 'குளிக்கத் தடை' என்று அறிவிக்கிறார்கள். அங்கே ஒரு போலீஸ்காரராவது நிற்பார்.

ஆக, திருட நினைக்கிறவனை இது நிறுத்தாது. யாரைத்தான் நிறுத்துகிறது?

*

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் தென்காசிப் பக்கம் இருக்கிறார். பிறவியிலேயே கண் பார்வை இல்லை. பட்டம் வாங்கியிருக்கிறார். லேப்டாப்பில் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-ல் தொடங்கி, இலவசமாகக் கொடுக்கிற மென்பொருள் அது. திரையில் இருக்கிற எழுத்தை வாசித்துச் சொல்லும். அதை வைத்து மெயில் எழுதுகிறார், பேப்பர் படிக்கிறார், என் கட்டுரையில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துப் போன் செய்கிறார்.

அவர் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. படிவம் பி.டி.எஃப்.பில். கட்டம் கட்டமாக எல்லாம் அழகாக இருக்கிறது. எதிலும் டைப் செய்ய முடியவில்லை. படிவம் நிரப்ப அனுமதி 'இல்லை'. போன் செய்து கேட்டிருக்கிறார். "பிரிண்ட் எடுத்து, யாரையாவது வெச்சு எழுதி, ஸ்கேன் பண்ணி அனுப்புங்க சார்" என்று பதில்.

யாரையாவது வெச்சு. அந்த இரண்டு வார்த்தையிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் அவர் இத்தனை வருஷமாக அந்த லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். தன் சம்பளம், தன் உடல்நிலை, தன் சாதிச் சான்றிதழ் எண் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வாய்விட்டுச் சொல்லி எழுதவைக்க வேண்டிய அவசியத்தை, ஆபீஸில் யாரோ ஒருவர் ஒரு டிக் அடித்து உண்டாக்கிவிட்டார். கேட்டால் பாதுகாப்பு என்பார்.

ஆரம்ப கால பி.டி.எஃப். பூட்டில் இன்னும் மோசம். நகலெடுக்கத் தடை போட்டால் பார்வையற்றோர் மென்பொருளுக்கும் சேர்த்து வாயடைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். 2001-ல் தனித்தனிச் சுவிட்ச் ஆக்கினார்கள். 2017-ல் வந்த பி.டி.எஃப். 2.0 தரம், அந்தச் சுவிட்சை யாரும் அணைக்கக்கூடாது, எப்போதும் 'உண்டு' என்றுதான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. புத்தி வர இத்தனை வருஷம். அதே 2017-ல் நம் ஊர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகளும் வந்தன. இணையதளத்தில் போடுகிற ஆவணம் இ-பப் ஆகவோ, எழுத்தாக அறியக்கூடிய பி.டி.எஃப். ஆகவோ இருக்கவேண்டும் என்று விதி 15-ல் எழுதியிருந்தது. எழுதியதோடு சரி. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இதெல்லாம் வெறும் யோசனை மாதிரி இருக்கிறது, கட்டாயம் என்று இல்லை, திரும்ப எழுதுங்கள் என்று அந்த விதியையே செல்லாது என்றது.

எங்கள் ஊர் ஆபீஸர்களை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அடோபி நிறுவனமே 2000-ஆம் வருஷ வாக்கில் 'ஆலிஸின் அற்புத உலகம்' நாவலை மின்புத்தகமாகப் போட்டது. 1865-ல் வந்த புத்தகம். காப்புரிமை எப்போதோ போய்விட்டது. அந்த ஃபைலின் அனுமதிப் பட்டியலில் நகலெடுக்கக்கூடாது, அச்சிடக்கூடாது என்பதோடு, இந்தப் புத்தகத்தை உரக்க வாசிக்கக்கூடாது என்றும் இருந்தது. குழந்தைக்குப் படித்துச் சொல்கிற கதை! உலகம் சிரித்ததும், உரக்க வாசிக்கிற பட்டன் வேலை செய்யாது என்பதைத்தான் அப்படிச் சொன்னோம் என்று விளக்கம் கொடுத்தார்கள். பட்டனை நம்பி இருப்பவர்கள் யார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதே அடோபியின் மின்புத்தகப் பூட்டைத் திறக்கும் மென்பொருளை எழுதிய டிமிட்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய இளைஞர், 2001 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் பேசிவிட்டு ஊர் திரும்பக் கிளம்பியபோது லாஸ் வேகாஸில் கைது செய்யப்பட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் அடோபி பின்வாங்கியது. 2002 டிசம்பரில் அவர் வேலை பார்த்த கம்பெனியை ஜூரிகள் விடுதலை செய்தார்கள். நம் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நியாயமானது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்கிறது. சொந்த விண்ணப்பத்தை நிரப்பப் பூட்டைக் கழற்றுகிறவர் யாருடைய உரிமையையும் மீறவில்லை.

தென்காசி இளைஞர் அதைத்தான் செய்தார். பூட்டைக் கழற்ற அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம். டைப் செய்து அனுப்பினார். ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள். பூட்டு போனதை யாரும் கவனிக்கவே இல்லை.

*

"திறந்து போட்டா எவனாவது திருத்திருவானே சார்" என்பது ஆபீஸ்களின் ஒரே வாதம். நியாயமான பயம்தான். சம்பளச் சான்றிதழில் ஒரு சைபர் சேர்க்க எத்தனை நேரம் ஆகும்? ஆனால் திருத்துவதைக் கண்டுபிடிக்க வேறு சாதனம் இருக்கிறது. டிஜிட்டல் கையெழுத்து. 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலிருந்தே அதற்குச் சட்ட அந்தஸ்து உண்டு. கையெழுத்திட்ட பிறகு ஃபைலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் சோதித்துப் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். படிக்கிறவருக்கு எந்த இடைஞ்சலும் இல்லை.

இ-ஆதாரில் அந்தக் கையெழுத்து இருக்கிறது. மஞ்சள் கேள்விக்குறி போட்டு, செல்லுபடியாகுமா தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் பார்த்திருப்பீர்களே, அதுதான். ரீடரில் ஒரு தடவை வலது கிளிக் செய்து சான்றிதழை நம்பச் சொன்னால் பச்சை டிக் ஆகும். யாரும் செய்வதில்லை. நெட் சென்டரில் கேள்விக்குறியோடு கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்துவிடுகிறார்கள். வாங்குகிற ஆபீஸரும் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து சீல் குத்துகிறார். காகிதத்தில் அச்சான டிஜிட்டல் கையெழுத்தைச் சோதிக்க முடியாது. கியூ.ஆர். கட்டத்தையாவது ஸ்கேன் செய்து பார்க்கலாம். எந்த ஆபீஸிலும் யாரும் என் எதிரே செய்து நான் பார்த்ததில்லை.

இந்தப் போலிப் பூட்டால் நிஜமான ஆபத்து ஒன்று வந்திருக்கிறது. பூட்டோடு இருந்தால் அப்லோட் ஆகாது, அச்சாகாது என்று ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? பாஸ்வேர்ட் நீக்கித் தருகிறோம் என்று வலையில் கிடைக்கும் இலவச இணையதளங்களில் ஒன்றில் ஃபைலை ஏற்றுகிறார்கள், பாஸ்வேர்டையும் சேர்த்து. யார் நடத்துகிற தளம், எந்த நாட்டில் இருக்கிறது, ஏற்றிய ஃபைல் அங்கே என்ன ஆகிறது, யாருக்குத் தெரியும்? வங்கி ஸ்டேட்மெண்ட், ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் போகிறது. நெட் சென்டர் பையன் ஒரு நாளைக்கு இருபதாவது செய்வானாம். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் இது தேவையே இல்லை. உங்களுக்குத் தெரிந்த பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து, அச்சிடும் இடத்தில் பி.டி.எஃப். ஆகச் சேமி என்று கொடுத்தால் பெரும்பாலும் பூட்டில்லாத நகல் உங்கள் மெஷினிலேயே கிடைக்கும். இதை எந்த வங்கி மெயிலாவது சொல்கிறதா?

*

பூட்டு போடாமலே பூட்டுவதிலும் நாம் கெட்டிக்காரர்கள். தமிழ் ஃபைலில் நகலெடுக்க அனுமதி 'உண்டு' என்றிருக்கும். எடுத்து ஒட்டினால் கமாவும் அடைப்புக்குறியுமாகக் கொட்டும். பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். யூனிகோடுதான் தரம் என்று தமிழக அரசு ஆணை போட்டது 2010-ல்.

வாக்காளர் பட்டியல் இன்னொரு கதை. 2018 ஜனவரியில் தேர்தல் கமிஷன், பட்டியலை எழுத்தாகப் போடாதீர்கள், படமாக ஆக்கிப் போடுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. காரணம், மொத்தமாக வாரிக்கொண்டு போவதைத் தடுக்க. காங்கிரஸின் கமல்நாத் உச்ச நீதிமன்றம் போனார். 2018 அக்டோபரில் கமிஷன் பக்கம் தீர்ப்பானது. தேடக்கூடிய வடிவம் வேண்டுமென்றால் மனுதாரரே மாற்றிக்கொள்ளலாமே என்றது கோர்ட். நன்றாக யோசியுங்கள். மாற்றிக்கொள்ள முடியும் என்றால் வாரிக்கொண்டு போகிறவனாலும் முடியும். பணமும் ஆளும் உள்ள கட்சியாலும் கம்பெனியாலும் முடியும். படத்தை எழுத்தாக்கத் தெரியாதவர் மட்டும் வரிவரியாகக் கண்ணால் தேடவேண்டும்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் வந்தபோது இதன் வலி தெரிந்தது. 2002-ல், சில தொகுதிகளில் 2005-ல், தயாரித்த பழைய பட்டியலில் உங்கள் பெயரோ அப்பா அம்மா பெயரோ எங்கே என்று தேடச் சொன்னார்கள். அப்போது தென்காசி என்று ஒரு மாவட்டமே கிடையாது. அது திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது 2019 நவம்பரில். தொகுதி எல்லைகளும் 2008-ல் மாறிவிட்டன. எந்த மாவட்டம், எந்தத் தொகுதி, எந்த பாகம் என்று தெரியாமல் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு இதே நெட் சென்டரில் கூட்டம் அலைமோதியதாம். டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர் இல்லை. இறந்தவர்கள், இடம் பெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் என்றார்கள். இருக்கலாம். அதைத் தெருவாரியாகத் தேடிச் சரிபார்க்கிற ஃபைலைக் கொடுத்தால் நாங்களே பார்த்துக்கொள்வோமே.

இதையெல்லாம் சரி செய்ய ஒரு பைசா செலவில்லை. படிவத்தில் 'நிரப்ப இல்லை' என்ற டிக்கை எடுக்க வேண்டும். பொது அறிவிப்பை யூனிகோடு எழுத்தாகவே போட வேண்டும். தனிமனிதரின் ஃபைலுக்கு அவரே பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ள விடவேண்டும். இதில் எதற்கு கமிட்டி, எதற்கு டெண்டர்?

ஆச்சி கலர் பிரிண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போன பிறகு, பையனிடம் அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காட்டச் சொன்னேன். ஸ்க்ரோல் செய்துகொண்டே போனான். இ-ஆதார், இ-ஆதார், இ-ஆதார். நடுநடுவே வங்கி ஸ்டேட்மெண்ட்கள். ஒன்றிரண்டு பிரசவ ரிப்போர்ட்.

"இதெல்லாம் அழிக்கக்கூடாதா தம்பி?"

"அழிக்கலாம் சார்" என்று மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து டெலீட் அடித்தான். எல்லாம் ரீசைக்கிள் பின்னுக்குப் போனது.

"அதையும் காலி பண்ணிரு."

பையன் தயங்கினான். "அதுக்கு ஓனர்ட்ட கேக்கணும் சார்."